எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு நீண்டகால மாத்திரை: ரத்த எண்ணிக்கையும் தம்பதிகள் அறிய வேண்டியவையும்



போத்தனூர், வெள்ளலூர், செட்டிபாளையம் பக்கத்து ஊர்களில் புற்றுநோய் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்கள் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு வந்த நோயின் பெயர் மல்டிப்பிள் மைலோமா. ஆஸ்பத்திரி சிகிச்சை முடிந்த பிறகும் இவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஒரு மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கிறது. "ஏனுங்க, நோய்தான் அடங்கிப் போச்சுன்னாங்க. அப்புறம் எதுக்குங்க மாத்திரை? அதைச் சாப்பிட்டா ரத்தம் கொறையுதுங்களே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆட்டு நல்லி எலும்பை உடைத்தால் உள்ளே கொழகொழவென்று இருக்குமே, அதுதான் மஜ்ஜை. நம் உடம்பில் ரத்த அணுக்கள் உற்பத்தியாகும் இடம் அது. அங்கே பிளாஸ்மா அணு என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கிருமியை எதிர்க்கும் புரதத்தைத் தயாரிப்பது அதன் வேலை. அந்த ஒரு வகை மட்டும் கட்டுக்கடங்காமல் பெருகினால் மைலோமா. எலும்பு அரித்து வலிக்கும், சிறுநீரகம் கெடும், ரத்தம் குறையும். இது தொத்து நோய் அல்ல. நோயாளியோடு ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். 2021-ல் நடிகையும் அப்போதைய சண்டிகர் எம்.பி.யுமான கிரண் கெருக்கு இந்த நோய் என்று செய்தி வந்ததை சிலர் படித்திருப்பீர்கள்.

ஊசி, மாத்திரை, சிலருக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சை எல்லாம் முடிந்து நோய் அடங்கினாலும், களை பிடுங்கிய தோட்டத்தில் வேர் தங்குவது போல் சில அணுக்கள் தங்கிவிடும். அவை மறுபடி தலையெடுக்காமல் இருக்கவே பராமரிப்பு சிகிச்சை. இதற்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது லெனலிடோமைடு. வழக்கமாக 10 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 21 நாள் சாப்பிட்டு 7 நாள் ஓய்வு என்று சிலருக்கு, தினமும் என்று சிலருக்கு. சீட்டில் எழுதியபடி நடங்கள். மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களை வைத்து நடந்த 3 ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் ஒரு கணக்கு வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு சுமார் 53 மாதம் வரை நோய் திரும்பவில்லை. சாப்பிடாதவர்களுக்கு அது சுமார் 24 மாதம்தான். ரத்தம் குறைந்தாலும் டாக்டர் மாத்திரையை எளிதில் விட்டுவிடாததற்குக் காரணம் இதுதான்.

இனி ரத்த எண்ணிக்கைக்கு வருவோம். மாத்திரை கெட்ட அணுவைத் தடுக்கும்போது மஜ்ஜையின் நல்ல உற்பத்தியையும் கொஞ்சம் மந்தப்படுத்துகிறது. முதலில் குறைவது வெள்ளை அணு. அதிலும் நியூட்ரோபில் என்னும் காவல் அணு ரத்தத்தில் ஒரு நாள் அளவே இருக்கும், அதனால் உற்பத்தி தடைப்பட்டால் உடனே தெரியும். அடுத்தது ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு, பிளேட்லெட் என்பார்களே, அது. அதன் ஆயுள் 8 முதல் 10 நாள். சிவப்பு அணுவோ 120 நாள் இருக்கும். ஆகவே ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் இறங்கும்.

ரிப்போர்ட் சீட்டைப் பார்க்கும் பலர் மொத்த வெள்ளை அணுவை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். அது போதாது. அதற்குக் கீழே நியூட்ரோபில் சதவீதம் இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். ஒருவருக்கு மொத்தம் 2,400, நியூட்ரோபில் 60 சதவீதம் என்றால் காவல் அணு 1,440. இன்னொருவருக்கும் அதே 2,400, ஆனால் 30 சதவீதம் என்றால் 720 மட்டுமே. மொத்தம் ஒன்று, ஆபத்து வேறு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுத் தரும். வீட்டில் ஒரு நோட்டு போட்டு தேதிவாரியாக எழுதி வையுங்கள்.

காவல் அணு ஆயிரத்துக்குக் கீழே வந்தால் டாக்டர் அடிக்கடி பரிசோதிக்கச் சொல்வார். சிலர் அப்போதே மாத்திரையை நிறுத்தி வைப்பார்கள். 500-க்குக் கீழே போனால் நிறுத்தியே ஆக வேண்டும். தட்டணு சாதாரணமாக ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை. அது 30,000-க்குக் கீழே போனாலும் நிறுத்துவார்கள். எண்ணிக்கை ஏறிய பிறகு குறைந்த அளவில் மறுபடி தொடங்குவார்கள். நிறுத்துவதும் தொடங்குவதும் டாக்டர் வேலை. நாமாக விட்டாலும் தப்பு, "போன மாசம் மிச்சம் இருக்குது" என்று நாமாக எடுத்துப் போட்டாலும் தப்பு. முதல் 2 மாதம் வாரம் ஒரு முறை, 3-வது மாதம் 2 முறை, பிறகு 28 நாளுக்கு ஒரு முறை ரத்தம் பார்ப்பது முறை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, மஞ்சள் வெட்டு முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். எண்ணிக்கை குறைந்தால் உடம்பு சொல்லாது. ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

காய்ச்சல் விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காவல் அணு குறைந்தவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். சீழ் வைக்கக்கூட உடம்பில் அணு இருக்காது, அதனால் புண் சிவக்காமல், வீங்காமல் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். நமது ஆண்கள் இதில் மோசம். "ஒண்ணுமில்ல அம்மிணி, வெயில்ல நின்னது" என்று ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுப் படுத்துவிடுவார்கள். அந்த மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமியை விடாது. வீட்டம்மா தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். குளிர் நடுக்கமோ 100.4-ஓ கண்டால், நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரி போங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம். போனவுடன், "மைலோமாவுக்கு லெனலிடோமைடு சாப்பிடுறாருங்க" என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை குறைந்திருக்கும் நாட்களில் கட்டுத்தரை சாணி அள்ளுவது, பூஞ்சை பிடித்த தட்டு, குப்பை எரு கிளறுவது வேறு யாராவது செய்யட்டும். செருப்பில்லாமல் தோட்டத்துக்குப் போகக் கூடாது. பாலைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். தட்டணு குறைந்தால் ஈறில் ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி, கறுப்பு மலம் வரலாம், உடனே காட்டுங்கள். இந்த மாத்திரைக்கு இன்னொரு குணமும் உண்டு: காலில் ரத்தக்கட்டு உண்டாக்கும். அதற்காக ஆஸ்பிரின் கொடுத்திருப்பார்கள். தட்டணு மிகவும் குறைந்தால் அந்த ஆஸ்பிரினைத் தொடரலாமா என்று கேட்டே தொடருங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், திடீர் மூச்சுத் திணறல் வந்தாலும் அன்றே போக வேண்டும்.

பேரீச்சை, மாதுளை, முருங்கைக்கீரை சாப்பிட்டால் ஏறிவிடாதா என்பார்கள். சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் மாத்திரையால் குறைந்த அணுவை அவை ஏற்றாது. பப்பாளி இலைச் சாறும் அப்படியே. முதுகு வலிக்கிறதென்று மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குவது இதைவிட ஆபத்து. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். லெனலிடோமைடு சிறுநீர் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகம் மந்தமானால் மருந்து உடம்பில் தேங்கி எண்ணிக்கையை இன்னும் இறக்கிவிடும். ரத்தப் பரிசோதனையோடு கிரியாட்டினினும் பார்ப்பது இதனால்தான். மற்றொன்று: இரண்டு, மூன்று வருடம் நிலையாக இருந்த எண்ணிக்கை காரணமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், மைலோமா திரும்புகிறதா, மஜ்ஜையில் வேறு நோய் கிளம்பியதா என்று டாக்டர் மஜ்ஜைப் பரிசோதனை கேட்கலாம். பயந்து மறுக்க வேண்டாம்.

இப்போது கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பகுதி. இந்த நோய் பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்களுக்கே வருகிறது என்றாலும், நாற்பதுகளிலும் வருவதுண்டு.

லெனலிடோமைடு தாலிடோமைடு என்ற மருந்தின் உறவு. 1957-ல் ஜெர்மனியில் தூக்க மாத்திரையாக விற்பனைக்கு வந்த தாலிடோமைடைக் கர்ப்பிணிகள் மசக்கைக்குச் சாப்பிட்டார்கள். பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. 1961-ல் ஜெர்மனியில் அதை நிறுத்தினார்கள். அதே மருந்து மைலோமாவை அடக்குகிறது என்று டாக்டர் சீமா சிங்கால் முதலானோர் 1999-ல் வெளியிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துதான், கருவுக்கு மட்டும் விஷம்.

கணவர் மாத்திரை சாப்பிட்டால், மருந்து விந்திலும் கலக்கிறது. ஆகவே அவர் ஆண் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவராக இருந்தாலும் நிரோத் அணிய வேண்டும். "ஆபரேஷன் ஆச்சே, நிரோத் எதுக்குங்க?" என்று கேட்பார்கள். ஆபரேஷன் விந்தணுவைத் தடுக்கும், மருந்தைத் தடுக்காது. மாத்திரை நிறுத்திய பிறகும் 4 வாரம் அணிய வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிரோத் இலவசம். கேட்க வெட்கம் வேண்டாம்.

மனைவி மாத்திரை சாப்பிட்டால், அவருக்கு மாதவிலக்கு இயற்கையாக நின்று 2 வருடம் ஆகாத வரை கரு தரிக்கலாம் என்றே கொள்ள வேண்டும். தொடங்கும் முன் 4 வாரம், சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்திய பின் 4 வாரம் இரண்டு வழிகளில் தடுப்பு வேண்டும். ஒன்று கணவரின் நிரோத். தொடங்கும் முன் 2 முறை கர்ப்பப் பரிசோதனை, முதல் மாதம் வாரந்தோறும், பிறகு 4 வாரத்துக்கு ஒரு முறை. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு 2 வாரத்துக்கு ஒரு முறை. நாம் வழக்கமாகக் கொடுக்கும் மாலா-என் மாத்திரை இங்கே சரிப்படாது, ரத்தக்கட்டு அபாயத்தைக் கூட்டும். காப்பர்-டி போட்டால் எண்ணிக்கை குறைந்த நேரத்தில் கிருமியும் ரத்தப்போக்கும் வரலாம். எந்த முறை ஏற்றது என்று புற்றுநோய் டாக்டரையும் மகப்பேறு டாக்டரையும் கலந்து முடிவு செய்யுங்கள். நாள் தள்ளிப் போனால் அன்றே மாத்திரையை நிறுத்தி டாக்டரிடம் போக வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

நோயாளி இந்தக் காலத்திலும், நிறுத்தி 4 வாரம் வரையிலும் ரத்த தானம் செய்யக் கூடாது. அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். மாத்திரையை உடைக்கவோ திறக்கவோ கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். கர்ப்பமான மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால் அவர்கள் அதைத் தொட வேண்டாம். தவறி உடைந்து தூள் கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மிச்சமான மாத்திரையைக் குப்பையிலோ வாய்க்காலிலோ போடாமல், வாங்கிய ஆஸ்பத்திரி மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.