ஒலிபெருக்கியில் ஏன் கரகரப்பு?

அப்பாவின் தையல் எந்திரத்தை ஒட்டி மரப்பெட்டி ஒலிபெருக்கி ஒன்று உண்டு. பாட்டு ஓடினால்தான் அவருக்குத் தையல் ஓடும். சென்ற மாதம் அது கரகரக்கத் தொடங்கிற்று. கடையில் காட்டியபோது, "காயில் போய்விட்டது, ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும்" என்று 800 ரூபாய் கேட்டார்கள். எட்டு ரவிக்கைகளின் கூலி அது.

"பிசிக்ஸ் படிக்கிறியே, நீ பாரேன் பாப்பா" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தேர்வறையில்கூட நான் அவ்வளவு பயந்ததில்லை.

ஒலிபெருக்கியின் அமைப்பு எளியது. நிலைக்காந்தத்தின் குறுகிய இடைவெளியில் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மாறுதிசை மின்னோட்டம் பாய்ந்தால், பிளெமிங்கின் இடக்கை விதிப்படி சுருள் முன்னும் பின்னும் நகரும். அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு காற்றை அதிரச் செய்யும். 1925-இல் ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியாளர்கள் விளக்கிய அமைப்பே இன்றும் பெரும்பாலும் வழக்கில் உள்ளது.

முதலில் வேறொரு ஒலிபெருக்கியை இணைத்துப் பார்த்தேன். பாட்டு தெளிவாகக் கேட்டது. ஆகவே பழுது பெட்டியில்தான். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சுருளின் மின்தடை 6.5 ஓம். பெட்டியில் 8 ஓம் என்றிருக்கிறதே என்று திகைக்க வேண்டாம், அது இம்பீடன்ஸ். கூம்பை இரு கைவிரல்களாலும் சீராக அழுத்தி விட்டேன். உரசும் ஓசை இல்லை. காயில் நலமாகவே இருந்தது!

பின்பு கைபேசிச் செயலியால் ஒவ்வோர் அதிர்வெண்ணாக ஒலிக்கவிட்டேன். 110 முதல் 130 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கரகரப்பு. எங்கோ தளர்ந்த பொருள் ஒன்று ஒத்ததிர்வு கொள்கிறது என்று தோன்றிற்று. பின்பலகையை அழுத்தினேன், ஓசை குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அதன் நான்கு திருகுகளில் மூன்று தளர்ந்திருந்தன. எந்திரம் மிதிக்க மிதிக்கப் பெட்டியும் ஆடியதே காரணம்.

திருகுகளை முடுக்கியும் மெல்லிய இரைச்சல் எஞ்சியது. அரை நாள் இதிலேயே போயிற்று. கடைசியில் முன்துணியைக் கழற்றினேன். கூம்பின் நடுமூடியில் காந்தம் இழுத்துப் பிடித்திருந்தது, ஒரு குண்டூசி! இடுக்கியால் எடுத்தேன். இரைச்சல் அடங்கிற்று.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஊசி டப்பாவை எந்திரத்தின் மறுபக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பாட்டைப் போட்டார். சற்று நேரம் கழித்து, "மிக்சியும் சத்தம் போடுதுன்னு அம்மா சொன்னாளே" என்றார்.