வாடகை வேனை எடுக்கும் முன் கணவனும் மனைவியும் பார்க்க வேண்டியவை



குலதெய்வம் கோயிலில் முடியிறக்கம், தங்கை மகளுக்குக் காதுகுத்து என்று வந்தால் வீட்டோடு கிளம்ப ஒரு வேன் எடுக்கிறோம். டிரைவரோடு எடுப்பது ஒரு வகை. வீட்டில் லைசென்ஸ் உள்ளவரே ஓட்டுவதாக எடுப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவதில் டிரைவர் கவனிக்க வேண்டியது முழுவதும் உங்கள் தலையில் விழும். "நேத்துதான் சர்வீஸ் பண்ணினோம், தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்பார் வண்டிக்காரர். சொல்லட்டும். பகல் வெளிச்சத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி, இருவருமாகப் பார்த்தே எடுங்கள்.

முதலில் நம்பர் பலகை. தாமே ஓட்டிச் செல்ல வாடகைக்கு விடும் பெட்ரோல், டீசல் வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தென்றால் அது சொந்த உபயோக வண்டி. வாடகைக்கு விடக் கூடாது. குறைந்த வாடகை என்று அதை எடுத்து விபத்து நேர்ந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடலாம். ஆர்.சி., இன்ஷூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று நான்கிலும் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது டயர். டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே சிறு மேடு இருக்கும். மேல்ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் நாலு எண் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்த டயர். பக்கத்தில் வெடிப்போ கொப்புளம் போன்ற வீக்கமோ இருந்தால் வேண்டவே வேண்டாம். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றும் இருக்கிறதா?

கணவர் பிரேக்கை மிதிக்கட்டும், மனைவி பின்னால் நின்று விளக்கு எரிகிறதா என்று குரல் கொடுக்கட்டும். இண்டிகேட்டரும் அப்படியே. பிறகு என்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை அழுத்தியபடி முப்பது வரை எண்ணுங்கள். பெடல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியைத் தொடாதீர்கள்.

இனிச் சொல்வதைத் தாய்மார்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்றொரு வாயு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை இது பிடித்துக்கொள்ளும். சைலென்சரில் ஓட்டை இருந்தால் புகை உள்ளே ஏறும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி வரும். "பிள்ளைக்கு வண்டி ஒத்துக்கல" என்று எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கக் கொடுப்போம். உண்மையில் புகையாக இருக்கலாம். கர்ப்பிணியின் ரத்தம் வழியே வயிற்றுப் பிள்ளையையும் அது பாதிக்கும். ஆகவே என்ஜினைப் போட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஐந்து நிமிஷம் உள்ளே உட்காருங்கள். புகை வாடை அடித்தால் இறங்கிவிடுங்கள், வேறு வண்டி கேளுங்கள். நிறுத்திய வண்டியில் ஏ.சி. போட்டுக்கொண்டு யாரும் தூங்கவும் கூடாது. கேஸ் வாடை வந்தாலும் வேண்டாம். சமையல் சிலிண்டர் கேஸை வண்டிக்கு ஏற்றுவது சட்டப்படி குற்றம், ஆபத்தும்கூட.

ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பிடித்துக்கொள்ள வேண்டும். "ஏழு மாசம், பெல்ட் போட்டா வயிறு அமுங்காதா?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அமுங்காது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் வர வேண்டும். மேல்பட்டை இரு மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் ஓரமாய் இறங்க வேண்டும். வயிற்றுக்குக் குறுக்கே மட்டும் போடக் கூடாது. கைக்குழந்தையை மடியில் வைத்து முன் சீட்டில் உட்காருவதை விட்டுவிடுங்கள். திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கைக்கும் பிள்ளையைப் பிடித்து நிறுத்தும் பலம் கிடையாது. பக்கக் கதவு உள்ளேயிருந்தும் திறக்கிறதா என்று ஒருவர் உள்ளே இருந்து திறந்து பாருங்கள். ஆர்.சி.யில் எத்தனை சீட்டோ அத்தனை பேர்தான். "சின்னப் புள்ளதானே, நடுவுல உக்காந்துக்கும்" என்று மாமியார் சொன்னாலும் சரி. முதலுதவிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். காலிப் பெட்டிகளே அதிகம்.

பணத் தகராறுக்கு ஒரு வார்த்தை. கீறல், நசுங்கல், கிலோமீட்டர், எரிபொருள் அளவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். போனில் நாலு பக்கமும் படம் எடுங்கள். திருப்பி விடும்போது அந்தத் தாளோடு போங்கள்.

பிரசவ வலி கண்டால் இந்த ஆராய்ச்சி எதுவும் வேண்டாம், வாடகை வண்டியும் வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது.

சாவி வாங்கியதும் நேராக வீட்டுக்கு வந்து ஆட்களை ஏற்றாதீர்கள். ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி இரண்டு முறை பிரேக் போட்டுப் பாருங்கள். வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் அங்கேயே திருப்பிக்கொண்டு போய் விடுங்கள், அட்வான்ஸ் கொடுத்திருந்தாலும்.