வேற்றுக்கிரகவாசியும் வீட்டு கரண்ட் பில்லும்

தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்ட ஊர், 1990-இல் டெக்னோபார்க் வந்த ஊர் திருவனந்தபுரம். இங்கே நாலு பேர் சேர்ந்து, வீட்டுக் கணினிகளைக் கொண்டு வேற்றுலக சிக்னல் தேடும் டீம் நடத்தினோம் என்றால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. அடுத்த கேள்விதான் சங்கடம். "ஏதாவது கேட்டுதா சார்?" என்பார்கள். கரமனையிலும் இதே கேள்விதான், கழக்கூட்டத்திலும் இதே கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

"நம் கணினி வானத்தைக் கேட்கிறது"

கேட்டது தொலைநோக்கி. போர்ட்டோ ரிக்கோவில் 305 மீட்டர் அகலக் கிண்ணமாக இருந்த அரெசிபோ. அதுவும் இதற்காகத் தனியாகத் திரும்பவில்லை. வேறு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வேலைக்காக அதை எங்கே திருப்பினாலும், கூடவே ஒட்டிக்கொண்டு பதிவு செய்யும் கருவி ஒன்று இருந்தது. பதிவான டேப்புகள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குத் தபாலில் போயின. 1999 மே 17 அன்று டேவிட் ஆண்டர்சன், டான் வெர்தைமர் முதலானோர் அங்கே தொடங்கிய திட்டம்தான் 'செட்டி அட் ஹோம்'.

ஹைட்ரஜன் உமிழும் 1420 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையை எடுத்து, 256 கீற்றுகளாக அரிந்து, ஒவ்வொன்றிலும் 107 நொடி நீளத் துண்டாக வெட்டினார்கள். ஒரு துண்டு சுமார் 350 கிலோபைட். டயல்-அப் மோடம் காலத்தில்கூட சில நிமிடங்களில் இறங்கிவிடும். அந்தத் துண்டைக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புவதுதான் நம் கணினியின் வேலையாக இருந்தது. அது பல வாரங்களுக்கு முன்பு வேறொரு கண்டத்தில் பதிவானது. ஆகவே கோவளத்தில் மேகம் மூடியிருந்தாலும், இடவப்பாதி மழை கொட்டினாலும், தேடலுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரெசிபோவால் பார்க்க முடிந்தது வான நடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கிலிருந்து வடக்கே சுமார் 38 பாகை வரையிலான பட்டையை மட்டும். நம் ஊர் எட்டரைப் பாகையில் இருப்பதால், நம் உச்சந்தலைக்கு மேலே கடக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் அந்தப் பட்டைக்குள் வந்துவிடும். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் புது உறுப்பினரிடம் இதைச் சொன்னால் அவர் முகம் மலரும்.

"திரையில் கூம்பு எழுந்தால் சிக்னல் வந்துவிட்டது"

இந்த நம்பிக்கைக்குக் காரணம் அந்தப் பழைய ஸ்கிரீன்சேவர். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கூம்புகள் எழுந்து விழும். உயரமான கூம்பைக் கண்டதும் திரையைப் படம் பிடித்து டீமுக்கு அனுப்பாத புதியவர் அபூர்வம். அந்தக் கூம்புகளில் மிகப் பெரும்பாலானவை நம்முடையவையே. ரேடார், செயற்கைக்கோள், செல்போன், ஏன், மின்சாதனங்களின் இரைச்சல்கூட அதில் உண்டு. தேடலின் பெரும்பகுதி மனிதச் சத்தத்தைக் கழித்துக்கட்டும் வேலைதான்.

கழிப்பது எப்படி? இரண்டு சோதனைகளைச் சொல்கிறேன். தொலைநோக்கியின் பார்வை வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும். தொடக்க காலக் கருவியில் ஒரு நட்சத்திரம் அந்தப் பார்வையைக் கடக்க ஏறத்தாழ 12 நொடி. அப்படியென்றால் உண்மையான வான சிக்னல் மெல்ல ஏறி, உச்சம் தொட்டு, அதே அளவு நேரத்தில் மெல்ல இறங்க வேண்டும். 107 நொடியும் ஒரே சீராகக் கத்திக்கொண்டிருந்தால் அது பூமிக் குரல். இரண்டாவது, பூமி சுழல்கிறது, அனுப்புகிறவனின் கோளும் சுழலும். ரயில் நம்மைக் கடந்து போகும்போது ஹாரன் சத்தத்தின் சுருதி இறங்குவதைப் போல, வருகிற அதிர்வெண்ணும் நழுவிக்கொண்டே இருக்கும். எந்த வேகத்தில் நழுவும் என்று முன்கூட்டித் தெரியாது. எனவே ஒவ்வொரு துண்டையும் பல்லாயிரம் நழுவல் வேகங்களுக்குத் திருத்தித் திருத்திப் பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான கணினிகள் தேவைப்பட்டதே இதற்காகத்தான்.

2004 செப்டம்பரில் ஒரு பரபரப்பு நடந்தது. மீன ராசிக்கும் மேஷ ராசிக்கும் இடைப்பட்ட திசையிலிருந்து 'எஸ்எச்ஜிபி02+14ஏ' என்ற சிக்னல் மூன்று முறை பதிவாகியிருந்தது. செய்தி உலகம் முழுக்க ஓடியது. மூன்றையும் சேர்த்தால் கேட்ட நேரம் சுமார் ஒரு நிமிடம். நழுவல் வேகமோ மிக அதிகம். அதைவிட விசித்திரம், ஒவ்வொரு முறையும் அது ஏறக்குறைய அதே அதிர்வெண்ணிலிருந்து ஆரம்பித்தது. சுழலும் கோளிலிருந்து வருவது நாம் கவனிக்கும் நேரம் பார்த்துத் தொடக்கப் புள்ளிக்குத் திரும்பி வருமா? பெர்க்லி குழுவினரே இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார்கள். மறுப்பு வழக்கம்போல முதல் செய்தி போன தூரத்தில் பாதிகூடப் போகவில்லை.

"சும்மா கிடக்கிற கணினிதானே, செலவே இல்லை"

டீம் நடத்துகிறவர் முதலில் உடைக்க வேண்டிய நம்பிக்கை இது. என்னைக் கேட்டால், உறுப்பினர் சேர்க்கும்போதே சொல்லிவிட வேண்டும். சும்மா இருக்கும் பிராசசர் குறைவாகத்தான் மின்சாரம் குடிக்கும். கணக்குப் போட ஆரம்பித்தால் கதை வேறு. உதாரணத்துக்கு, சும்மா இருக்கையில் 50 வாட், முழு வேலையில் 120 வாட் எடுக்கும் மேசைக் கணினி ஒன்று. வித்தியாசம் 70 வாட். நாள் முழுக்க ஓடினால் 1.68 யூனிட், இரண்டு மாதத்தில் 100 யூனிட். அதுவும் எப்படியும் நாள் முழுக்க ஆன் செய்து வைத்திருக்கும் கணினிக்குத்தான் இந்தக் கணக்கு. இதற்காகவே இரவெல்லாம் விட்டுவைத்தால் இரவு நேரத்துக்கு 120 வாட்டும் நம் தலையில்.

கேரள மின்வாரிய பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கட்டணம். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் என்று இல்லாமல், மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த கட்டணம் விழும். எல்லைக்கு அருகில் நிற்கும் வீட்டில் இந்த 100 யூனிட் என்ன செய்யும் என்பது பில் வந்த அன்று தெரியும். மாநில எல்லை தாண்டி நாகர்கோவிலில் உட்கார்ந்து டீமில் சேர்ந்தவருக்கு நிலைமை வேறு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசத்தைக் கிட்டத்தட்ட முழுசாக வேற்றுக்கிரகவாசி சாப்பிட்டுவிடுவார்.

பில்லோடும் முடியவில்லை. கடலோரக் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. கேபினட்டைத் திறந்தால் ஃபேன் இறக்கைகளில் தூசி உலர்ந்து உதிராமல், பிசுபிசுவென்று ஈரக் கம்பளி போல ஒட்டியிருக்கும். ஊதினால் போகாது, பிரஷ் வேண்டும். ஃபேன் திணறினால் சூடு ஏறும், சூடு ஏறினால் கணக்குத் தப்பும். துலாவர்ஷ மழை மாதங்களில் மாலை தவறாமல் இடி மின்னல். பவர் கட் ஆனால் பரவாயில்லை, மென்பொருள் அவ்வப்போது சேமித்துக்கொள்வதால் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும். ஆனால் கேபிள் வழியாக மின்னல் இறங்கினால் மோடம் முதல் மதர்போர்டு வரை போய்விடும். வானத்தில் இருட்டினால் பிளக்கைப் பிடுங்கிவிடு என்பது இந்த ஊர் டீமின் முதல் விதியாக இருக்க வேண்டும். பிராசசரை எத்தனை சதவீதம் பயன்படுத்தலாம், பேட்டரியில் ஓடும்போது நிறுத்தலாமா என்றெல்லாம் இந்தக் கணக்குகளை ஓட்டும் 'போயின்க்' மென்பொருளில் தேர்வுகள் இருக்கின்றன. அறுபது சதவீதத்தில் வைத்தால் மானம் ஒன்றும் போய்விடாது.

"ஆபீஸில் நூறு மெஷின் தூங்குகிறது, போட்டுவிடலாம்"

கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழிற்கல்லூரியின் கணினி நிர்வாகி, இதேபோன்ற வேறொரு திட்டத்தின் மென்பொருளைக் கல்லூரிக் கணினிகளில் அனுமதியின்றிப் போட்டார். வழக்கு வந்து, 2002-இல் அபராதம், நன்னடத்தைக் காலம் என்று முடிந்தது. நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவும் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கணினியில் கைவைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. எழுத்தில் அனுமதி வாங்கி வந்தால் சேருங்கள்.

"பாயின்ட் அதிகமுள்ள டீம் கண்டுபிடிப்புக்கு அருகில் இருக்கிறது"

ஒரு நொடிக்கு 100 கோடி கணக்குச் செய்யும் கணினி ஒரு நாள் முழுக்க உழைத்தால் 200 பாயின்ட். அவ்வளவுதான் பாயின்ட்டின் பொருள். அது உழைப்பை அளக்கிறது. எந்தத் துண்டு யாருக்கு வரும் என்பது சர்வரின் கையில்.

போட்டி மட்டும் உண்மையானது. தொடக்க ஆண்டுகளில் முடித்த துண்டுகளின் எண்ணிக்கையே மதிப்பெண்ணாக இருந்தபோது, செய்யாத கணக்கைச் செய்ததாக அனுப்பிய கில்லாடிகள் இருந்தார்கள். அதனால் ஒரே துண்டை இரண்டு வெவ்வேறு கணினிகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது கணினிக்குப் போகும். ஏமாற்றுக்காரரோடு, வேகத்தை அளவுக்கு மீறி ஏற்றி வைத்த கணினியும் ஃபேன் அடைத்த கணினியும் இந்த வலையில் மாட்டும். டீம் நடத்துகிறவர் தினம் பார்க்க வேண்டியது மொத்தப் பாயின்ட்டை விட, யாருடைய விடைகள் 'செல்லாதவை' என்று திரும்புகின்றன என்பதைத்தான். அந்த ஒருவரைக் கூப்பிட்டு, "அண்ணா, ஃபேனைத் தொடச்சீங்களா?" என்று கேட்பது பாதி நிர்வாகம்.

"2020-இல் மூடிவிட்டார்கள், அப்படியானால் தோல்வி"

2020 மார்ச் 31 முதல் புதிய துண்டுகள் அனுப்புவதை நிறுத்தினார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட திட்டம் அது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று அரெசிபோவின் தொங்கு மேடை கிண்ணத்தின் மேல் விழுந்து நொறுங்கியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக் கதை சொல்கிறவர்கள் உண்டு. மாதங்களை எண்ணிப் பார்த்தாலே போதும். அனுப்புவதை நிறுத்தியது, சேர்ந்துவிட்ட விடைகளை உட்கார்ந்து அலசுவதற்காக.

தன்னார்வலர் கணினிகள் குறித்துக்கொடுத்தவை சுமார் 1,200 கோடிப் பதிவுகள். ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் கணினித் தொகுப்பில் அவற்றைச் சலித்தார்கள். சல்லடை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தாங்களே உருவாக்கிய சுமார் 3,000 போலி சிக்னல்களைக் கலந்துவிட்டு, அவை பிடிபடுகின்றனவா என்று சோதித்தார்கள். பத்து லட்சம் அளவுக்குச் சுருங்கி, கடைசியில் நூறு இடங்கள் மிஞ்சின. 2025 ஜூலையிலிருந்து சீனாவின் 500 மீட்டர் ஃபாஸ்ட் தொலைநோக்கி அந்த நூறு திசைகளையும் திரும்பப் பார்த்துவருகிறது. ஒன்றுமே அகப்படாவிட்டாலும், இந்த அலைவரிசையில், இந்த வானப் பட்டையில் இவ்வளவு வலுவுக்கு மேல் ஏதாவது வந்திருந்தால் பிடித்திருப்போம் என்று எண்ணோடு சொல்லலாம். அந்த எண் 1999-இல் யாரிடமும் இல்லை.

"விஞ்ஞானி அல்லாதவனுக்கு இதில் என்ன வேலை?"

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. 1837-இல் மன்னர் சுவாதித் திருநாள் இங்கே வானாய்வகம் தொடங்கியபோது அதன் பொறுப்பை ஏற்ற ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வாணிப முகவராக இருந்தவர். விண்மீன் பார்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. பல நாடுகளில் ஒரே நேரத்தில் காந்த ஊசியின் அசைவைக் குறித்துவைக்கும் பெரும் கூட்டுமுயற்சி அப்போது நடந்தது. அவர் அதில் திருவனந்தபுரத்தையும் சேர்த்தார். 1852-இல் பின்வந்த ஜான் ஆலன் புரூன், அகஸ்தியமலை மேலேயும் ஓர் ஆய்வுநிலையம் அமைத்து அளந்தார். ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்து ஒன்றாகக் கூட்டிப் பார்க்கும் வேலை இந்த ஊரில் கணினிக்கு முன்பே நடந்திருக்கிறது.

இன்று டீம் தொடங்குகிறவருக்கு செட்டி அட் ஹோமில் வேலை கிடைக்காது. அதே போயின்க் மென்பொருளில் 'ஐன்ஸ்டீன் அட் ஹோம்' 2005 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. 2010-இல் அரெசிபோ பதிவுகளிலிருந்து அதில் கிடைத்த புதிய பல்சர், நொடிக்கு 40 முறைக்கு மேல் சுழல்வது, அமெரிக்காவின் அயோவா மாநிலத் தம்பதியின் கணினியிலும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரின் கணினியிலும் பிடிபட்டது. இருவர் விடையும் ஒத்துப்போக வேண்டும் என்ற அதே விதி.

கரண்ட் பில்லுக்குப் பயப்படுகிறவர்களுக்கு 'ராட் அட் ஹோம்' இருக்கிறது. 2013 ஏப்ரல் 15 அன்று ஆனந்த ஹோட்டா தொடங்கியது. புனே அருகே நாராயண்காவ் பக்கத்தில் நிற்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கியின் 30 ஆன்டெனாக்கள் எடுத்த படங்களை மனிதக் கண்ணால் பார்த்து, அபூர்வமான ரேடியோ விண்மீன் மண்டலங்களைத் தேட வேண்டும். ஒரு மண்டலம் உமிழ்ந்த பீச்சு பக்கத்து மண்டலத்தில் மோதித் திரும்புவதைக் காட்டும் 'ராட்12' 2022-இல் இப்படி வெளிவந்தது. இதற்குக் கணினி இரவெல்லாம் ஓட வேண்டாம். ஒரு லேப்டாப், நல்ல இணையம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.