வண்ணம் பெற்ற திரை

தேனி மாவட்டத்தின் வருசநாட்டு மலைப்பகுதியில் அமைந்த ஊர் மயிலாடும்பாறை. அப்பெயரைக் கேட்ட அளவிலேயே, கரும்பாறைமேல் நீலக் கழுத்தும் பச்சைத் தோகையுமாக நின்றாடும் மயில் கேட்போர் மனக்கண்முன் தோன்றும். மனத்துக்கு இஃது எளிது. 1980-ஆம் ஆண்டை ஒட்டி மேலைநாட்டு வீடுகளுக்கு வந்த சிறு கணிப்பொறிகளுக்கோ, அம்மயிலைத் திரையில் தீட்டுவது பெரும்பாடு. அவற்றின் நினைவகம் அத்துணைச் சிறியது.

கணிப்பொறி காட்டும் படம், நிரல்பட நின்ற நுண்புள்ளிகளால் ஆயது. குறுக்கே 320 புள்ளிகளும், மேலிருந்து கீழாக 256 வரிசைகளும் இருப்பின், மொத்தம் 81,920 புள்ளிகள். ஒவ்வொன்றும் கறுப்பா வெள்ளையா என்று மட்டும் குறித்துவைக்க, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்டு வீதம், 10,240 பைட்டு போதும். பதினாறு வண்ணங்களுள் இன்னது எனக் குறிக்க வேண்டின், அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 40,960 பைட்டு வேண்டும். அக்காலத்து நல்ல வீட்டுக் கணிப்பொறி ஒன்றின் நினைவகம் முழுவதுமே 32,768 பைட்டுதான்! மயில் நிற்கவே இடம் போதாது. அதனை ஆட்டுவிக்கும் கட்டளைகளை எங்கே வைப்பது?

வண்ண வேட்கையைத் தூண்டியது விளையாட்டே. 1976-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் 'பிரேக்அவுட்' என்னும் ஆட்டப்பொறியை வெளியிட்டது. பந்தை மட்டையால் தட்டிச் செங்கற்சுவரை உடைப்பது அவ்வாட்டம். செங்கற்கள் பல நிறமாய்த் தோன்றின; திரையோ கறுப்பு வெள்ளைத் திரை. அதன்மேல் நிறத்தாள் பட்டைகளை ஒட்டி வைத்திருந்தனர்! அவ்வாட்டத்துக்கு ஒரு மாதிரிச் சுற்றமைப்பை வகுத்துத் தந்தவர் ஸ்டீவ் வாஸ்னியக் என்னும் பொறியாளர். அதே ஆட்டத்தைக் கட்டளைகளாலேயே இயக்கி, மெய்யான வண்ணத்தில் ஆடவேண்டும் என்று அவர் விரும்பினார். 1977-இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியில் வண்ணமும் ஒலிபெருக்கியும் ஆட்டக் கைப்பிடிகளும் இடம்பெற்றதற்கு அவ்விருப்பம் பெருங்காரணம். வண்ணப் படத்துக்கெனத் திரையைக் குறுக்கே 40, நெடுக்கே 48 எனப் பெருங்கட்டங்களாகப் பகுத்தார். படம் 960 பைட்டில் அடங்கிற்று. விளையாட்டை வீண்பொழுது என்று தள்ளுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் நலம்.

இந்தியத் தொலைக்காட்சி 1982-இல் வண்ணம் பெற்றது. 1984-இல் நடுவணரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஏறத்தாழ 250 பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வியைப் புகுத்திற்று. அதற்கெனத் தேர்ந்த கருவி, இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் 1981-இல் ஆக்கிய பிபிசி மைக்ரோ. அங்கே பல வீடுகளிலும் இருந்த பொறி, இங்கே பள்ளியறைக்கு வந்தது. மேலே கூறிய 32,768 பைட்டு இதன் அளவே. எட்டு வண்ணங்களும் வேண்டுமாயின், இது குறுக்குப் புள்ளிகளை 160 ஆகக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் 20,480 பைட்டு படத்துக்கே செலவாகிவிடும்.

அதே 1984-இல், கேம்பிரிட்ஜ் மாணவர்களாகிய டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் இப்பொறிக்கென 'எலீட்' என்னும் விண்கல ஆட்டத்தை இயற்றினர். கலங்கள் பறக்கும் மேற்பகுதிக்கு நுண்மை வேண்டும். கருவிப் பலகையைக் காட்டும் கீழ்ப்பகுதிக்கு வண்ணம் வேண்டும். திரை முழுமைக்கும் இரண்டையும் தர இடமில்லை. ஆகவே, படம் மேலிருந்து கீழாகத் தீட்டப்பட்டு வருகையில், பொறியினுள் உள்ள கடிகாரம் உணர்த்தும் கணத்தில் திரைமுறையையே மாற்றிவிட்டனர். மேலே கறுப்பு வெள்ளை. கீழே நான்கு வண்ணம். படம் முழுவதும் 10,240 பைட்டுக்குள் அடக்கம். நொடிக்கு 50 முறை இம்மாற்றம் நிகழ்ந்தும், ஆடுவோர் கண்ணுக்கு அஃது ஒரே திரையாகத் தோன்றிற்று.