மிதவைக்கு யார் பேட்டரி போடுவது?

கேள்வி: நாகை மாவட்டக் கடலோரத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சுனாமியில் சொந்தங்களைப் பறிகொடுத்தவன். பேரிடரைத் தாங்கும் கட்டமைப்புக்கான சர்வதேசக் கூட்டணி ஒன்றுக்கு நம் அரசு 480 கோடி ரூபாய் ஒதுக்கியதாக முன்பு படித்தேன். தீவு நாடுகளுக்கு உதவி, அங்கே பயிற்சி, இங்கே மாநாடு என்கிறார்கள். எங்கள் பக்கத்துப் புயல் பாதுகாப்பு மையத்திலோ போன மழைக்கு ஜெனரேட்டர் ஓடவில்லை. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சொந்தக் கூரை ஒழுகும்போது ஊரான் வீட்டுக்கு ஓடு வாங்கிக் கொடுப்பது என்ன நியாயம் ஐயா? அரசுகள் இப்படிக் கொடுக்கும் பணத்தால் யாருக்கு என்ன பயன்?

வாசகர் ஒருவர், நாகப்பட்டினம் மாவட்டம்

பதில்: அந்த 480 கோடிக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். 2019 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தொகை அது. அடுத்த மாதம் நியூயார்க்கில் நடந்த ஐ.நா. பருவநிலைக் கூட்டத்தில் பிரதமர் கூட்டணியை அறிவித்தார். 2019-20 தொடங்கி ஐந்து நிதியாண்டுகளுக்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 96 கோடி. தொழில்நுட்ப உதவி, ஆராய்ச்சி, அலுவலகச் செலவு எல்லாம் அதற்குள் அடக்கம். தலைமையகம் டெல்லியில் இருக்கிறது. வேறொரு நாட்டின் கஜானாவில் கொண்டுபோய்க் கொட்டிய பணம் இல்லை.

உங்கள் மையத்தின் கதை நியாயமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன். ‘ஊரான் வீடு’ என்றீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

2004 டிசம்பர் 26 காலை நம் கடிகாரப்படி 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு மேற்கே கடலடித் தரை பெயர்ந்தது. உங்கள் கரையில் அலை ஏறியபோது மணி ஒன்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. நடுவில் கிடைத்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தே தப்பியிருக்கலாம். ஹவாயில் இருந்த பசிபிக் எச்சரிக்கை மையத்தில் நிலநடுக்கம் பதிவாகியிருந்தது. ஆனால் இந்தியப் பெருங்கடலில் அலையைக் கண்டு சொல்லும் ஏற்பாடு இல்லை. எந்த நாட்டில் யாருக்குச் செய்தி சொல்வது என்கிற பட்டியலும் இல்லை. உங்கள் தெருவுக்கு அபாயச் சங்கு ஊத வேண்டிய கருவி உங்கள் தெருவில் இருந்து பயனில்லை. அது சுமத்திராக் கரையிலும் அந்தமானைச் சுற்றிய ஆழ்கடலிலும் இருந்தாக வேண்டும். இந்தோனேசியாவின் கருவி செத்துக் கிடந்தால் அதில் நமக்கும் நஷ்டம் உண்டு.

அதனால்தான் சுனாமிக்குப் பிறகு காசு நாடு கடந்து புரண்டது. தாய்லாந்து, தானே அடிபட்ட நாடு, 2005-ல் ஒரு கோடி டாலர் போட்டு ஐ.நா. வழியாக ஒரு பொது அறக்கட்டளை நிதியைத் தொடங்கி வைத்தது. இந்தியா 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தைத் திறந்தது. 2011-லிருந்து ஆஸ்திரேலியா, இந்தோனேசியாவோடு சேர்ந்து இந்தியப் பெருங்கடல் நாடுகள் அனைத்துக்கும் எச்சரிக்கை அனுப்புகிறது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் போகிற அதே தகவல்தான் உங்கள் ஆட்சியர் அலுவலகத்துக்கும் வருகிறது. அண்டை நாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு, நமக்குத் தனியாக ஒரு கணக்கு என்று பிரிக்கவே முடியாது.

ஆனால் இந்த நல்ல கதைக்கு ஒரு கெட்ட பக்கம் இருக்கிறது. உங்கள் ஜெனரேட்டர் அங்கேதான் வருகிறது.

ஆழ்கடலில் அலையைக் கண்டு சொல்லும் சுனாமி மிதவை எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில் ஒரு கருவி கடல்தரையில் உட்கார்ந்து, தன் தலைக்கு மேல் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். நடுக்கடலில் சுனாமி பனைமர உயரத்துக்கு எழாது. பெரிய சுனாமிக்கே அங்கே அரை மீட்டர், முக்கால் மீட்டர்தான் இருக்கும். மேலே போகிற படகுக்குத் தெரியவே தெரியாது. கீழே இருக்கும் கருவிக்கு அந்தச் சின்னப் பாரம் புரியும். உடனே ஒலியாக மேலே சேதி அனுப்பும். மிதவை அதை வாங்கிச் செயற்கைக்கோளுக்குத் தள்ளும். பேட்டரி தீர்ந்தால் ஊமை. கயிறு அறுந்தால் மிதவை தன் போக்கில் போய்விடும். இன்னொரு தொல்லையும் உண்டு. நடுக்கடலில் எது மிதந்தாலும் அதன் நிழலில் மீன் கூடும், மீன் கூடினால் படகு வரும் என்பதை உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வலை சிக்கும், படகைக் கட்டுவார்கள், சாமானைக் கழற்றிக்கொண்டும் போவார்கள். ஆக, மிதவை போடுவது ஒரு செலவு என்றால், அதைத் தேடி வருஷாவருஷம் கப்பல் அனுப்புவது தீராத செலவு.

2004-க்குப் பிறகு ஜெர்மனி, அமெரிக்கா, மலேசியா எல்லாம் இந்தோனேசியாவுக்கு மிதவை கொடுத்தன. 2018 செப்டம்பர் 28-ல் பாலு நகரத்தை நிலநடுக்கமும் சுனாமியும் சேர்ந்து அடித்து, 4,000 பேருக்கு மேல் மாண்டபோது, 22 மிதவைகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. 2012-லிருந்தே அப்படித்தான் என்று அந்த நாட்டுப் பேரிடர் முகமையின் செய்தித் தொடர்பாளரே சொன்னார். பராமரிக்கப் பணம் இல்லை என்பது அவர் சொன்ன காரணம். பாலுவில் அலை சில நிமிடங்களில் வந்துவிட்டது. மிதவை உயிரோடு இருந்திருந்தாலும் அங்கே பெரிதாக உதவியிருக்காது. அது வேறு விஷயம். கொடுத்த அரசுகளும் வாங்கிய அரசும் தொடக்க விழாவோடு கணக்கை மூடிவிட்டன என்பதுதான் என் குற்றச்சாட்டு.

மொத்தத் தொகையைப் பார்த்தாலும் இதே புத்திதான். 2010 முதல் 2019 வரை உலக நாடுகள் பேரிடர் தொடர்பாகக் கொடுத்த உதவி சுமார் 13,300 கோடி டாலர். அதில் முன்கூட்டித் தடுப்பதற்கும் தயாராவதற்கும் போனது 550 கோடி. நூறு ரூபாய்க்கு நாலு ரூபாய்! மிச்சமெல்லாம் பிணம் விழுந்த பிறகு போன பணம். அரசியல்வாதிகளை மட்டும் திட்டிப் பயனில்லை. அமெரிக்க வாக்காளர்களை வைத்து ஹீலி, மல்ஹோத்ரா என்ற இரண்டு அறிஞர்கள் 2009-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நிவாரணம் கொடுத்த ஆளுங்கட்சிக்கு மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள், தடுப்புக்குச் செலவழித்ததற்குப் போடுவதில்லை. தடுப்பில் போடும் ஒரு டாலர் பின்னால் சுமார் 15 டாலர் சேதத்தை மிச்சப்படுத்துகிறது என்பதும் அவர்கள் கணக்கு. அரிசி மூட்டை இறக்கினால் கையெடுத்துக் கும்பிடுகிறோம். வராத வெள்ளத்துக்கு யார் நன்றி சொல்வது?

கொடுக்கிற அரசின் மனசு மாறினாலும் ஆபத்துதான். எத்தியோப்பியப் பஞ்சத்தை அடுத்து 1985-ல் அமெரிக்கா தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு, 2025 ஜனவரியில் வாஷிங்டன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் சட்டென்று இருண்டது. நாற்பது வருஷ ஏற்பாடு சில நாளில் மௌனமானது. பிறகு ஓரளவு திரும்பியது என்றாலும், அதை நம்பியிருந்த நாடுகளுக்குப் பாடம் போதும்.

சரியாகச் செய்தவர்கள் இல்லையா என்றால், வங்கதேசத்தைச் சொல்வேன். 1970 நவம்பர் புயலில் அங்கே மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அதன் பிறகு செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு கிராமத் தொண்டர்களை வைத்துப் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கியது. 1973-ல் வெளிப்பணம் நிற்கப்போகிறது என்றானதும், அந்த ஏழை நாடு திட்டத்தைக் கைவிடவில்லை. அரசே செலவின் ஒரு பகுதியை ஏற்று, செஞ்சிலுவையோடு கூட்டாக நடத்த ஆரம்பித்தது. கருவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை: வயர்லெஸ், கை ஒலிபெருக்கி, சைக்கிள், கொடி. புயல் நெருங்க நெருங்கக் கம்பத்தில் கொடியின் எண்ணிக்கை கூடும். 1991 புயலில் மறுபடி சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். தொண்டர் போய்ச் சொன்னாலும் ஓடி ஒதுங்க இடம் வேண்டுமே! அதற்கப்புறம் வெளிநாட்டு அரசுகளும் உலக வங்கியும் கொடுத்த பணம் பெரும்பாலும் புகலிடக் கட்டடங்களாயிற்று. ஆண்டு முழுக்கப் பூட்டி வைக்காமல் பலவற்றைப் பள்ளிக்கூடமாக நடத்தினார்கள். பள்ளிக்கூடம் என்றால் தினமும் ஒருவர் கதவைத் திறந்தாக வேண்டும், தாழ்ப்பாள் உடைந்தால் மறுநாளே தெரிந்துவிடும். 2020 ஆம்பன் புயலின்போது இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். வங்கதேசத்தில் சாவு சில பத்துகளோடு நின்றது.

வெளிப்பணத்தில் கட்டடம் வரட்டும், தொண்டருக்கான தொடர்செலவு உள்ளூர் பட்ஜெட்டில் இருக்கட்டும் என்பது அவர்கள் கண்ட வழி. ஒரு நாட்டுக்கு உதவி கொடுக்கிற அரசு எதுவானாலும், இந்தியாவும் சேர்த்து, ஆறாவது ஆண்டு மின்கட்டணம் யார் கட்டுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் முதல் தவணையை விட வேண்டும் என்பேன்.

இனி உங்கள் மையத்துக்கு வருவோம். கடலோரத்தில் இப்படி ஒரு மையத்தில் ஒருமுறை ஜெனரேட்டரின் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே குருவிக்கூடு. ஏன் ஓட்டிப் பார்க்கவில்லை என்றதற்கு ஊராட்சிக்காரர் பாவமாகச் சொன்னார்: “டீசல எந்தக் கணக்குல சார் எழுதறது?” இந்தோனேசிய மிதவைக்கு வந்த நோயேதான். கட்டிக் கொடுக்கத் திட்டம் இருந்தது, ஓட்டுவதற்குச் செலவுத் தலைப்பு இல்லை.

இப்போது தலைப்பு இல்லை என்று ஒரேயடியாகக் கை விரிக்க முடியாது. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியில் நூற்றுக்கு இருபதைத் தணிப்புக்கென்று தனியே பிரித்தது; எல்லா மாநிலங்களுக்குமாக அது 32,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த நிதியிலிருந்து அன்றாட டீசல் கிடைக்காது என்பார்கள், சரிதான். அப்படியானால் எதிலிருந்து என்று எழுத்தில் கேளுங்கள். மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர்தான் தலைவர். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். மொட்டையாக ‘மையம் சரியில்லை’ என்று எழுதாதீர்கள். மையத்தின் பராமரிப்பு எந்தத் துறையின் பொறுப்பு, கடந்த மூன்று ஆண்டுகளில் என்ன செலவானது, ஜெனரேட்டரைக் கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி என்ன, சாவி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று நாலே கேள்வி போதும். முப்பது நாளில் பதில் வராவிட்டால் அதே நாலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் போடுங்கள். சாவி இரண்டு இருக்கட்டும், ஒன்று கடல் பக்கம் குடியிருப்பவர் கையில் இருக்கட்டும் என்று கிராமசபையில் தீர்மானம் போடக் காசே வேண்டாம்.

இதையெல்லாம் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். அக்டோபர் பிறந்துவிட்டால் அலுவலகத்தில் எல்லோரும் மழைக்கணக்கு எழுதப் போய்விடுவார்கள், உங்கள் மனுவைப் படிக்க ஆள் இருக்காது.