பேச்சிழந்தார் பாடும் விந்தை



நேற்றுவரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர், பக்கவாதம் கண்டபின் தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்க இயலாமல் தவிப்பார். பேரனை அழைக்க வாய் திறப்பார், சொல் வராது. "புத்தி பேதலித்துவிட்டது" என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டிவிடுவர். அதே பாட்டி, வானொலியில் பழைய முருகன் பாடல் ஒலிக்கும்போது, உடன்சேர்ந்து சொல் பிசகாமல் பாடுவதும் உண்டு. இஃது எங்ஙனம் கூடும்?

18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடன் நாட்டில், பேச்சை இழந்த ஒருவர் தேவாலயத்தில் துதிப்பாடல்களை மட்டும் பாடியதாகக் குறிப்பு உள்ளது. அதற்கான காரணம் துலங்கப் பன்னெடுங்காலம் சென்றது. 1861ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் பால் புரோக்கா, "டான்" என்னும் ஓரசையைத் தவிர ஏறத்தாழ வேறெதுவும் சொல்ல இயலாதிருந்த நோயாளி ஒருவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்தார். இடப்பாதியின் முன்புறத்தில் பழுது காணப்பட்டது. பெரும்பாலோர்க்குப் பேச்சை ஆளும் பகுதி அங்கேதான் உள்ளது.

இசையோ மூளையின் ஒரே மூலையில் குடியிருப்பதன்று. சுருதியையும் மெட்டையும் உணர்வதில் வலப்பாதிக்குப் பெரும்பங்கு உண்டு. தாளத்திற்குச் சிறுமூளையும் உடலசைவை ஆளும் பகுதிகளும் துணைநிற்கின்றன. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் உரிய இடங்களும் உடன் விழித்தெழுகின்றன. தோட்டத்தில் ஒரு லயத்தில் விளக்கு அணைந்தாலும் அடுத்த லயங்களில் எரிவதில்லையா? அதுபோன்றதே இதுவும். (வீட்டு வரிசையையும் லயம் என்கிறோம், தாள ஒழுங்கையும் லயம் என்கிறோம். பொருத்தம் தற்செயலானதுதான், எனினும் இனிது!)

இவ்வுண்மையை மருத்துவமாக்கியவர்கள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறிஞர்களான ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர். 1973இல் அவர்கள் தம் முறையை வெளியிட்டனர். "தண்ணீர் வேண்டும்" போன்ற சிறு தொடரைத் தாழ்ந்த சுரம், உயர்ந்த சுரம் என இரண்டே சுரங்களில் பயிற்றுநர் மெல்லப் பாடுவார். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டச் செய்வார். இடக்கையை ஆள்வது பழுதுபடாத வலமூளை அன்றோ? முதலில் இருவரும் சேர்ந்து பாடுவர். பின்னர்ப் பயிற்றுநர் குரலைத் தாழ்த்துவார். இறுதியில் மெட்டும் மெல்லத் தேய்ந்து பேச்சாகும். 2011இல் தலையில் குண்டு பாய்ந்து பேச்சிழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்சு மீண்டும் பேசப் பழகியதில் இசைப் பயிற்சிக்கும் பங்கிருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1981இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் போன்ற கலைக்கூடங்களில் கருநாடக இசை பயிலும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். வாயால் சுரம் பாடி, கையால் தாளம் போடுவர். பாஸ்டன் முறையின் உயிர்நாடியும் இவ்விணைப்பே.

இன்ன இராகம் இன்ன நோயைத் தீர்க்கும் என்று சொல்வோரும் நம்மிடையே உளர். வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் இராக ஆய்வு மையம் கண்டு, இசை மருத்துவத்தில் ஆர்வத்துடன் உழைத்தார். எனினும் இராகப் பட்டியலை நம்பி மருந்தை நிறுத்துவது அறிவுடைமையாகாது. பாஸ்டன் முறையும் எல்லார்க்கும் ஒரே அளவில் பயன் தருவதில்லை. பல வாரங்கள், சிலர்க்குப் பல மாதங்கள் பொறுமை வேண்டும். தெரிந்த பாட்டைப் பாடுவது வேறு. வேண்டியதைக் கேட்கப் பேசுவது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்கு அழைத்துச் செல்லவே பயிற்சி தேவைப்படுகிறது.

வாய் கோணினாலோ, ஒரு கை துவண்டாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு காலம் கடத்தாமல் உடனே 999ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். பின்னர்ப் பேச்சுப் பயிற்சி வல்லுநரைக் காண வேண்டுமென மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் பிள்ளைகளும் உதவலாம். பாட்டி இளமையில் பாடிய தாலாட்டையோ, கோவில் பாட்டையோ தெரிவு செய்யுங்கள். அவருடைய இடப்பக்கம் அமர்ந்து, கையைப் பற்றி மெல்லத் தட்டியவாறு பாடுங்கள். ஓரடியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் நிறுத்திக் காத்திருங்கள். முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள், அச்சொல் பாட்டியினுடையது.