ஆலை விடுதியானால்…

பழைய ஆலை ஓய்ந்துவிட்டால் இடிப்பதுதான் வழி என்று நாம் எண்ணுகிறோம். இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் வேறு வழி கண்டனர். மூடிக் கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996-இல் தங்கும் விடுதியாயிற்று. வெளித்தோற்றம் மாறவில்லை. கொழுந்தை வாட்டிய மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாயின. பழைய இயந்திரமும் பாதுகாக்கப்பட்டது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா, தோழியரே? அந்நாளில் அம்மலைத் தோட்டங்களில் உழைக்கச் சென்ற தமிழர் பலர் நம் தூத்துக்குடியிலிருந்துதான் கப்பலேறினர். நம் ஊர்க் கோரல் ஆலைத் தொழிலாளரோ 1908-இல் வ.உ.சி.யின் துணையுடன் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர்.

நாளை நம் ஊரிலும் ஒரு பழைய ஆலையோ கிட்டங்கியோ விடுதியாகலாம். அப்போது சுவரையும் இயந்திரத்தையும் மட்டும் காத்தால் போதாது. அங்கே உழைத்தவர் வரலாற்றையும் வருவோர் அறியச் செய்ய வேண்டும். அதை நாம் மறவாதிருப்போம்.